எட்டாவது மடிப்பு

ஒச்சாயி அக்கா துணியை உற்றுப் பார்க்கவே மாட்டார். ரோலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை தேய்ப்பார். பிறகு ஒரு கை அள்ளி உயரத் தூக்கி விட்டுவிடுவார். துணி மேசையில் விழுந்து அடங்குவதற்குள் வாயிலிருந்து எண் வந்துவிடும். "நூத்தி அறுவது." "இருநூத்திப் பத்து." "இது நூத்தி இருவதுகூடத் தேறாது, கொசுவலைக்கு ஆகும்."

அந்த எண்ணுக்கு ஜி.எஸ்.எம். என்று பெயர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள துணி எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் அது. திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் இந்த மூன்று எழுத்து பழகிவிடும். ஆனால் தராசு சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் எண் தெரியும். அக்காவுக்கு முன்னாலேயே தெரியும்.

நல்லூரில் அந்தக் கம்பெனியில் இரண்டாயிரத்து ஆறில் நான் எடை போடும் வேலையில் இருந்தேன். எடை போடுவது சுலபம். வட்ட வெட்டி என்று ஒரு கருவி உண்டு. உள்ளங்கை அகலத்தில் கனமான உருளை, அடியில் நான்கு பிளேடு. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் ஒரு வட்டம் கழன்று விழும். வட்டத்தின் பரப்பு சரியாக நூறு சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆகவே தராசு காட்டுகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். அதற்கு விரலும் வேண்டாம், யோசனையும் வேண்டாம்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பச்சைத் துணி வந்து இறங்கியது. பாட்டில் பச்சை, அறுபது ரோல், ஆயிரத்து இருநூறு கிலோ. நூற்று எண்பது ஜி.எஸ்.எம். இருக்க வேண்டும் என்பது ஆர்டர். நான் வட்டம் வெட்டித் தராசில் வைத்தேன்.

"ஒன்னு புள்ளி எட்டு பூஜ்யம்."

தரம் பார்க்கும் பிரபாகர் பேடில் எழுதினான். குன்னத்தூர்ப் பக்கத்துப் பையன், டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்தவன், பேனாவைக் காதில் செருகும் பழக்கம் உள்ளவன். "நூத்தி எம்பது. பாஸ் போட்டர்லாமுங்க்கா."

அக்காவின் கை இன்னும் ரோலின் மேல்தான் இருந்தது. "இன்னொரு தரம் வெட்டச் சொல்லு."

இன்னொரு தரம் வெட்டினேன். ஒன்று புள்ளி எட்டு ஒன்று. வேறு ரோலில் வெட்டினேன். ஒன்று புள்ளி ஏழு ஒன்பது.

"இது நூத்தி எம்பது இல்லப்பா."

"வேற எவ்ளோங்க்கா?"

"நூத்தி அறுவது. ஒன்னு ரெண்டு கூட இருந்தா உண்டு."

கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார். திண்டுக்கல்காரர். "ஏப்பா பிரபாகரு, தராசு ஜப்பான்ல செஞ்சது. யக்கா கை உசிலம்பட்டில செஞ்சது. எதுக்கு கேரண்டி ஜாஸ்தின்னு பாத்துச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதே அந்த இரண்டு விரலையும் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்தார், தீக்குச்சி பற்றாதபோது உரசுவதுபோல.

அந்த விரல்களைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஆறு மாதமாக அவை மரத்துப் போய்க்கொண்டிருந்தன. யாரும் என்னிடம் சொல்லவில்லை; நானாகப் பார்த்தது. டீ வரும்போது சில்வர் டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடிக்கிற கூட்டத்தில் அக்கா மட்டும் வெறும் விரலால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துச் சொன்னார்: "கண்டத யார்கிட்டயும் சொல்லிப்புடாதப்பா. பொழப்பு இதுலதான் கெடக்கு."

உண்மைதான். தொண்ணூற்று நாலில் உசிலம்பட்டிக்குப் பக்கத்திலிருந்து புருஷன் காசிமாயனோடு பஸ் ஏறி வந்தவர். படிப்பு ஐந்தாவது. முதல் எட்டு வருஷம் டிரிம்மிங் மேசை. தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளுவதுதான் அங்கே வேலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திறந்து மூடும், திறந்து மூடும். ஒரு பனியனுக்கு இருபது முறை, ஒரு நாளைக்கு ஐந்நூறு பனியன். பத்தாயிரம் முறை. எட்டு வருஷம். இந்தப் பெருக்கலை ஒருநாள் நான் போட்டுப் பார்த்தேன். இரண்டரைக் கோடிக்கு அருகில் போய் நின்றது. விரல் மரத்ததில் ஆச்சரியம் இல்லை.

அங்கிருந்து துணி மேசைக்கு வந்தது ஒரு பந்தயத்தால். டிரிம்மிங்கில் இருக்கும்போதே கையில் வாங்குகிற பனியனை வைத்துத் துணியின் எடையைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மதியம் ஐந்து துண்டுகளைக் கலந்து கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்திலும் மூன்று நான்கு கிராமுக்கு மேல் பிசகவில்லை. கம்பெனியை நடத்துகிற மைதிலி அம்மா அன்றே மேசை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அக்கா கையில் எதையாவது திணிப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. செல்போன், தூக்குச்சட்டி, யாரோ பெற்ற மூன்று மாதக் குழந்தை. "அஞ்சு கிலோ முன்னூறு. தாய்ப்பால் பத்தலடி, ஆஸ்பத்திரில காட்டு." காட்டியபோது ஐந்து கிலோ இருநூறு.

ஆனால் இப்போது தராசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நடுவில் ஆயிரத்து இருநூறு கிலோ.

மைதிலி அம்மா கீழே வந்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற 'ங்க' கூடும், அவ்வளவுதான்.

"ஏனுங்க ஒச்சாயி, தராசு பொய் சொல்லுதுங்களா?"

"தெரியலம்மா. கை அப்புடிச் சொல்லுது."

"சனிக்கெழமை கார்ட்டன் தூத்துக்குடிக்குப் போகோணுமுங்க. துணி நூத்தி அறுவதுன்னா, அங்க போயி எறங்குனதும் சரக்கு வாங்கற பையர் எடை பாக்கறப்ப மொத்தமும் ரிஜெக்ட்டுங்க. நூத்தி எம்பதா இருந்து நாம சும்மா நிறுத்தி வெச்சா, அறுவது மெஷின் சும்மா நிக்குமுங்க. வெட்டுன துணிய எந்தக் காம்பேக்டிங்காரனும் திருப்பி வாங்கி இறுக்கித் தர மாட்டான். அதனால வெட்டறதுக்கு முன்னால தெரியோணும்."

"ஆமாம்மா."

"நாளைக்குக் காத்தால பத்து மணி. அதுக்குள்ள தராசு தப்புன்னு காட்டுங்க. இல்லீன்னா கட்டிங் ஓடட்டும். நீங்க டிரிம்மிங் டேபிளுக்கே போயிருங்க. கை தப்பாச் சொன்னா அந்தக் கைக்கு இந்த டேபிள் எதுக்குங்க?"

அவர் மாடிக்குப் போன பிறகும் அக்கா அதே இடத்தில் நின்றார். டிரிம்மிங் என்ற சொல் அவர் விரலில்தான் போய் விழுந்தது என்று நினைக்கிறேன். கை தானாக மூடிக்கொண்டது. மறுபடி அந்தக் கத்தரியைப் பிடித்தால் அந்த விரல்கள் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

சாயந்திரம் ஆறரைக்கு செல்லாத்தாள் கடையில் அக்காவைப் பார்த்தேன். எங்கள் லைன் வீடுகளின் முனையில் இருக்கும் மளிகைக் கடை அது. காசிமாயன் மாமாவும் கூட நின்றிருந்தார். அவர் வேறொரு கம்பெனியில் கார்ட்டன் பெட்டி ஏற்றுகிறவர், தோள்பட்டை மட்டும் தனியாக வளர்ந்ததுபோல இருக்கும். அக்கா சின்ன வெங்காயத்தை ஒரு கை அள்ளினார், இன்னொரு கை அள்ளினார், இடது கைக்கு மாற்றிப் பார்த்தார்.

"அரைக் கிலோ. போடுத்தா."

செல்லாத்தாள் போட்டார். ஐந்நூற்று நாற்பது.

அக்கா முகம் மாறியது. வெல்லக் கட்டி ஒன்றை எடுத்தார். "கால் கிலோ." இருநூற்று முப்பத்தைந்து. புளியை எடுத்தார். "நூறு." நூற்றுப் பத்து.

"ஏனுங்க ஒச்சாயி, சாமானம் வாங்கறீங்களா, என் தராசுக்குப் பரிச்ச வெக்கறீங்களா?" என்றார் செல்லாத்தாள். "பின்னால ஆளு நிக்குதுங்கல்ல."

"தராசுக்கு இல்லத்தா, எனக்கு" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐநூறுக்கு நாப்பது போச்சு. நூத்துக்கு எட்டு. துணில நூத்துக்கு எட்டுன்னா நூத்தி எம்பதுக்கு எம்புட்டு?"

"பதினாலு" என்றேன்.

"புளில நூத்துக்குப் பத்து. அப்ப பதினெட்டு. தராசுக்கும் எனக்கும் இப்ப சண்டை எம்புட்டுல? பதினெட்டு, இருவது." கையிலிருந்த புளியைத் தட்டில் போட்டார். "கை போச்சு. சந்தேகமே இல்ல, கைதான் போச்சு."

புளியைத் தூக்குவது தோள் செய்கிற வேலை, துணியைத் தேய்ப்பது விரல் செய்கிற வேலை; ஒன்றின் பிழையை மற்றொன்றின் மேல் ஏற்றக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வாய் வரை வந்தது. ஆனால் கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா எங்களுக்கு முன்னால் போவார், நின்று பின்னால் வருவார், மறுபடி முன்னால் போவார். காசிமாயன் மாமா வெங்காயப் பையை ஆட்டிக்கொண்டு நிதானமாக நடந்தார்.

"அடியே, நில்லுடி. சின்னதப் புடிச்சுக்கிட்டு எதுக்குத் தொங்குற? வட்டம், துண்டு, ஒன்னே முக்கால் கிராமு. எறும்பு தும்முனா கூட மாறும். எங்க கம்பெனில ஒரு பெட்டி எடை சரியாத் தெரியலன்னு வையி, அந்தப் பெட்டியத் தூக்கி வச்சுக்கிட்டா உக்காந்துருப்போம்? நூறு பெட்டிய லாரில ஏத்து, லாரிய எடை மேடைல நிறுத்து, நூறுல வகு. முடிஞ்சு போச்சு."

அக்கா நின்றார். இந்த முறை திரும்பி வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார். பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து மெஷின்கள் இரைந்தன. நாங்கள் அவர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"ஒரு ரோலு இருவது கிலோ" என்றார். "துணி அகலம் ஒன்னரை மீட்டரு. நூத்தி எம்பதுன்னா ஒரு மீட்டரு நீளம் எம்புட்டு கனம் இருக்கும்?"

"இருநூற்று எழுபது கிராம்."

"இருவது கிலோல எத்தன மீட்டரு?"

மனதுக்குள் வகுத்தேன். "எழுபத்து நாலு."

"நூத்தி அறுவதுன்னா?"

"மீட்டருக்கு இருநூற்று நாற்பது. எண்பத்து மூணு மீட்டர்."

"எழுவத்தி நாலு, எம்பத்தி மூணு. ஒம்பது மீட்டரு." அவர் இரண்டு கையையும் விரித்தார். பிறகு அது போதாது என்பதுபோலத் தெருவின் நீளத்தைப் பார்த்தார். "வட்டத்துல வித்தியாசம் கால் கிராமுகூட இல்ல, எங்கயாச்சும் ஒளிஞ்சுக்கும். ஒம்பது மீட்டரு எங்கயா போயி ஒளியும்?"

மாமா பையைத் தோளில் மாற்றினார். "நான் சொன்னேன்ல. இனியாவது சோத்தப் போடு."

அன்று அவர் வீட்டில் சோறு எப்போது ஆனது என்று தெரியாது. மறுநாள் எட்டு மணிக்கு நான் போனபோது அக்கா கட்டிங் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை. பத்து மீட்டர் நீளம்.

பிரபாகரை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் எதிர்க்கவில்லை, எதிர்க்க வேண்டிய இடத்தில் மட்டும் எதிர்த்தான். "அக்கா, பனியன் துணிங்க. இழுத்து விரிச்சா எம்பது மீட்டர்கூட வருமுங்க. அப்பறம் உங்க கணக்கு எப்பிடிங்க செல்லும்?"

"இழுத்தா அகலம் சுருங்குமா, இல்லையா?"

"சுருங்குமுங்க."

"அப்ப ஒவ்வொரு மடிப்புக்கும் அகலத்த அள. ஒன்னரைக்குக் கொறஞ்சா நிறுத்து. நான் டிரிம்மிங்குக்குப் போயிர்றேன்."

அவன் ரோலை எடை மேடையில் வைத்தான். நடுவில் இருக்கும் அட்டைக் குழாயையும் மேலே சுற்றிய பாலித்தீனையும் தனியாக நிறுத்துக் கழிக்க வேண்டும் என்றான். அதுவும் சரிதான். கழித்த பிறகு நிற்க வேண்டியது இருபது கிலோ. மூன்று ரோல் மாற்றி, இம்மி பிசகாமல் இருபது நின்ற ஒன்றை எடுத்தோம். அக்கா மேசையின் ஓரத்தில் நாலாவது மீட்டருக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். நூற்று எண்பதாக இருந்தால் ஏழு மடிப்பு முடிந்து எட்டாவது மடிப்பில் அந்தக் கோட்டோடு துணி தீர்ந்துவிட வேண்டும்.

ஆரோக்கியராஜும் இன்னொருவரும் விரித்தார்கள். இழுக்காமல், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல விரித்தார்கள். ஒன்று. பிரபாகர் அகலத்தைப் பார்த்தான், ஒன்றரை. இரண்டு. மூன்று. தையல் பக்கத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மெஷின் ஓடாததால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான்கு. ஐந்து. அக்கா மேசையைச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். ஆறு. மைதிலி அம்மா எப்போது இறங்கி வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஏழு.

"இப்ப எழுவது மீட்டர் ஆச்சு" என்றான் பிரபாகர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரோல்ல இன்னும் நெறையா இருக்குதுங்களே."

எட்டாவது மடிப்பு சாக்பீஸ் கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. ஐந்து மீட்டர், ஆறு மீட்டர். ஆரோக்கியராஜ் வேண்டுமென்றே மெதுவாகப் போவதுபோல இருந்தது. மேசையின் மறுமுனையைத் தொட்டுத் திரும்பியபோதும் குழாயில் துணி மீதி இருந்தது. அதையும் விரித்து அளந்தோம். இரண்டு மீட்டர் முப்பது சென்டிமீட்டர்.

எண்பத்திரண்டு மீட்டர் முப்பது. நான் பேடின் பின்பக்கம் வகுத்தேன். நூற்று அறுபத்திரண்டு.

"ஒன்னு ரெண்டு கூட இருந்தா உண்டுன்னாங்க" என்றார் ஆரோக்கியராஜ், யாரிடமும் இல்லாமல். "யக்கா, அந்தக் கைய ஜப்பானுக்கு அனுப்பி வையி. பாத்துச் செய்யட்டும்."

அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. "அப்ப எது பொய் சொல்லுது? அதப் பாருங்க மொதல்ல."

தராசின் மேல் நூறு கிராம் படிக்கல்லை வைத்தேன். சரியாக நூறு காட்டியது. தராசு பொய் சொல்லவில்லை. மிஞ்சியது வட்டம். முந்தின நாள் வெட்டிய பச்சை வட்டத்தை மேசையில் வைத்து இரும்பு ஸ்கேலால் குறுக்கே அளந்தேன். நூறு சதுர சென்டிமீட்டர் வர வேண்டுமென்றால் விட்டம் பதினொன்று புள்ளி இரண்டு எட்டு சென்டிமீட்டர். ஸ்கேலில் பதினொன்று புள்ளி ஒன்பது.

"ஆறு மில்லி" என்றான் பிரபாகர். "ஆறு மில்லிக்குப் பதினெட்டு ஜி.எஸ்.எம்மா? இருக்காதுங்க."

விட்டம் நூற்றுக்கு ஐந்தரை கூடினால் பரப்பு நூற்றுக்குப் பதினொன்று கூடும், அது இரண்டு பக்கமும் வளரும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தோசைய ஒரு விரக்கடை கூட இழுத்துப் பாரு தம்பி" என்றார் அக்கா. "ஓரமெல்லாம் சுத்தி வரும்ல. மாவு எங்க போச்சுன்னு அப்பத் தெரியும்."

அப்போதுதான் பிரபாகர் தலையில் கை வைத்தான். மூன்று வாரத்துக்கு முன் வட்ட வெட்டி அவன் கையிலிருந்து நழுவி விழுந்து, பிளேடு மாட்டும் அடித்தட்டு உடைந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து புதுத் தட்டு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் யார் காத்திருப்பது? அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் நல்லான் என்பவரிடம் கொடுத்து ஒரே நாளில் கடைந்து வாங்கி வந்துவிட்டான். சீட்டில் எழுதிக் கொடுத்தது ஒரே ஓர் அளவு: 11.28.

எங்கள் எதிரிலேயே போன் போட்டான். ஸ்பீக்கரில் பட்டறைச் சத்தமும் சேர்ந்து வந்தது.

"ஏனுங்ணா, அந்தத் தட்டு எத்தன அளவுல கடஞ்சீங்க?"

"நீங்க குடுத்த அளவுதானுங்க தம்பி. பதனொன்னு இருவத்தெட்டு."

"இங்க பதனொன்னு தொண்ணூறு வருதுங்களே."

"வருமுங்க. நீங்க குடுத்தது உள்ளளவுதானுங்களே? குண்டானுக்கு, போகிணிக்கு அளவு சொன்னா உள்ளளவுதான். நாங்க தகட்டுக் கனத்த வெளிய விட்டுத்தான் அடிப்போம். அந்தப்படிக்குச் சுத்தியும் மூணு மில்லி வெளிய விட்டு பிளேடு நிறுத்தியிருக்கேன். ஏன், சுத்த மாட்டேங்குதா?"

"சுத்துதுங்க" என்றான் பிரபாகர். "அழகாச் சுத்துதுங்ணா."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மைதிலி அம்மா மட்டும் அசையாமல் நின்றார். அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது.

"மூணு வாரமுங்களா?" என்றார். "மூணு வாரத்துல இந்த வெட்டில பாத்து பாஸ் பண்ணுனது எத்தன லாட்டுங்க?"

பிரபாகர் கோப்பைத் திறந்தான். "ரெண்டுங்க மேடம். கருநீலம். அப்பறம் சாம்பல். ரெண்டும் போன வாரமே..." இரண்டும் கப்பலில் இருந்தன.

அந்த இடத்தில் அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். வெட்டி தப்பு, அதைக் கண்டுபிடித்தது அவர். பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது; அவர் மேசை அவருக்கே என்று ஆகிவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவர் முகமாக இல்லை.

"அந்த ரெண்டும் எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"லேசா இருக்குன்னு. கை வச்சப்பவே தெரியும். தராசு சரின்னுச்சு, நான் வாய மூடிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லலீங்க?"

அக்கா வலது கையை மேசையின் மேல் வைத்தார், சோதனைக்கு ஒரு துணித்துண்டை வைப்பதுபோல. "ஆறு மாசமா இந்த ரெண்டு வெரலும் மரத்துப் போகுதும்மா. அதான் பிசகுதுன்னு நெனச்சேன். பச்சத் துணில மனசு அடங்கல, சொல்லிட்டேன். இத மொதல்லயே சொன்னா வெரல் செத்தவளுக்கு இங்க என்ன வேலன்னு அனுப்பிப்புடுவீங்க."

தையல் பக்கம் யாரோ மெஷினை ஓட்டத் தொடங்கி, சூழ்நிலை புரிந்து நிறுத்தினார்கள். மைதிலி அம்மாவின் கணக்கு எனக்குத் தெரிந்தது. இந்தப் பெண் மூன்று வாரத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு லாட் கடலுக்குப் போயிருக்காது. இவள் நேற்று சொல்லாமல் இருந்திருந்தால் மூன்றாவதும் போயிருக்கும்.

"அப்ப உங்க கை என்னங்க சொல்லுச்சு? அந்த ரெண்டுக்கும்."

"கருநீலம் நூத்தி நாப்பத்தஞ்சு. சாம்பல் நூத்தி எம்பது."

கோப்பில் கருநீலத்துக்கு நூற்று அறுபத்தொன்று, சாம்பலுக்கு இருநூறு என்று எழுதியிருந்தது. வெட்டியின் உண்மையான பரப்பு நூற்றுப் பதினொன்று. நான் வகுத்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்தைந்து. நூற்று எண்பது. பேடை மைதிலி அம்மா பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"எத்தன முன்ன பின்ன இருக்குமுங்க? உங்க எண்ணுல."

அக்காவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. எண்ணைத்தான் கேட்பார்கள். அவர் யோசித்தார். "மூணு கூட இருக்கும். இல்லாட்டி மூணு கொறையும்."

மைதிலி அம்மா அங்கேயே நின்றபடி பையரின் பெங்களூர் ஆபீசுக்குப் போன் போட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினார், தவறு நடந்தது என்றார், எப்படி நடந்தது என்றார், எண்களைச் சொன்னார், பிளஸ் ஆர் மைனஸ் த்ரீ என்றார். மறுமுனையில் நீண்ட பேச்சு. அவர் "எஸ்" என்று நான்கு முறை சொன்னார். வைத்தபோது நெற்றியில் வேர்வை.

"பச்சை லாட்ட காம்பேக்டிங்குக்கே திருப்பி அனுப்புங்க பிரபாகர். இன்னும் இறுக்கி நூத்தி எம்பதுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. நைட் சிப்ட் போட்டுச் சனிக்கெழமைக்குள்ள முடிக்கோணும். அந்தத் தட்ட இன்னைக்கே மாத்திக் கடஞ்சுட்டு வாங்க. வெளியளவுன்னு எழுதிக் குடுங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "இனி துணி வந்தா வெட்டி வெக்கறதுக்கு முன்னால நீங்க சொல்லோணுமுங்க. சொன்னத எழுதோணும். அதுக்கப்பறந்தான் தராசு. ரெண்டும் ஒத்து வரலீன்னா எங்கிட்ட வாங்க."

"தப்பாச் சொல்லிட்டா?"

"தப்புன்னு எழுதுவோம். எத்தன தப்புன்னும் எழுதுவோமுங்க." மாடிப்படியில் கால் வைத்தவர் நின்றார். "சாயந்தரம் அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரில அந்தக் கையக் காட்டுங்க. லீவு கேக்க வேண்டாம், கெளம்பிப் போங்க."

பச்சைத் துணி மறுநாள் மதியம் திரும்பி வந்தது. அக்காவின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டை இருந்தது. விரல்கள் மட்டும் வெளியே. முதல் ரோலைத் தேய்த்தார், அள்ளினார், விட்டார்.

"நூத்தி எழுவத்தெட்டு. மூணு முன்ன பின்ன."

பிரபாகர் எழுதினான். நான் வட்டம் வெட்டினேன். நூற்று எழுபத்தாறு.

"ரெண்டு தப்புன்னு எழுதுய்யா" என்றார் அக்கா. எழுதும் வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுபது ரோலில் ஆறு பார்த்தால் போதும் என்பது வழக்கம். ஆறு முடிந்தது. எல்லாம் நூற்று எழுபத்தைந்துக்கும் நூற்று எண்பத்து மூன்றுக்கும் நடுவில். அந்த அளவு முன்னே பின்னே ஆர்டரிலேயே உண்டு; பாஸ் போட்டாயிற்று. அக்கா ஏழாவது ரோலுக்குப் போனார். எண் சொன்னார், நான் வெட்டினேன், பிரபாகர் எழுதினான். பத்தாவது. பதினேழாவது. ஒவ்வொரு முறையும் சொன்னதற்கும் தராசு காட்டியதற்கும் உள்ள இடைவெளியை அவரே சத்தமாகக் கழித்துச் சொன்னார். இருபத்து மூன்றாவது ரோலில் ஆரோக்கியராஜ் வெட்டும் கோடுகள் போட்ட மார்க்கர் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேசை ஓரத்தில் வந்து நின்றார்.

"யக்கா, சனிக்கெழம வந்துரும்க்கா. வெட்டட்டுமா?"

"இருய்யா" என்றார் அக்கா, அடுத்த ரோலின் ஓரத்தைப் பிரித்தபடி. "இன்னும் ஒன்னே ஒன்னு."